பஸ் நின்னதும் நிக்காததுமா... ஒரு இங்கிலீஷ் பாடம்!

இங்கிலீஷ் கிராமர் புத்தகத்தில் ஒரு திருடன் இருக்கிறான். உங்களுக்கும் தெரிந்தவன்தான். போலீஸைப் பார்த்தான், ஓடினான். அவ்வளவுதான் அவன் கதை. ஆனால் அந்த ஒரு ஓட்டத்தை நம் பிள்ளைகள் எத்தனை விதமாக எழுத வேண்டியிருக்கிறது! 'ஆஸ் ஸூன் ஆஸ்' போட்டு ஒரு தடவை ஓட விட வேண்டும். 'நோ ஸூனர்... தேன்' போட்டு மறுபடி ஓட விட வேண்டும். 'ஆன் ஸீயிங் த போலீஸ்' என்று மூன்றாவது ரவுண்டு. என் அப்பா படித்த காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் மூச்சு வாங்கவில்லை, போலீஸும் பிடித்தபாடில்லை.

'ரீரைட் அஸ் டைரக்டட்' என்று கேள்வித்தாளில் வருமே, அந்தச் சமாச்சாரம்தான். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அர்த்தம் மாறாமல் வேறு மாதிரி எழுது என்பார்கள்.

நான் வார நாட்களில் விழுப்புரத்தில் ஒரு ஆபீசில் ஃபைல் புரட்டுகிறவன். சனி, ஞாயிறு திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்தாம் வகுப்புப் பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். ஃபீஸ் கிடையாது. சீசனில் யாராவது ஒரு பை மல்லாட்டை கொண்டு வந்து வைப்பார்கள். (வெளியூர் வாசகர்களுக்கு: வேர்க்கடலை!) அதை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் உத்தமன் இல்லை.

வருகிறவர்களில் பாதி, ஸ்கூலில் படிக்கிற பசங்கள். மீதி 'அட்டெம்ப்ட்' பார்ட்டிகள். தமிழில் 70, சமூக அறிவியலில் 60, கணக்கில்கூட தட்டுத் தடுமாறி 40. இங்கிலீஷில் மட்டும் 28, 31, 33! பாஸ் மார்க் 35 என்பது உங்களுக்குத் தெரியும். அந்த 2 மார்க்குக்கும் 7 மார்க்குக்கும் என்ன விலை என்பது எங்கள் மாடிக்கு வந்தால்தான் தெரியும்.

பத்தாவது பாஸ் இல்லாமல் குரூப் 4 எழுத முடியாது. பாலிடெக்னிக் வாசலில் நிற்க முடியாது. அரசு பஸ்ஸில் கண்டக்டர் ஆக முடியாது. நாட்டை விட்டே போய்விடலாம் என்றாலும் அங்கேயும் ஒரு கட்டை! ஈ.சி.ஆர். என்றால் நமக்கெல்லாம் மரக்காணம் வழியாகப் போகிற ரோடுதான் ஞாபகம் வரும். பாஸ்போர்ட்டில் ஒரு ஈ.சி.ஆர். இருக்கிறது. 1983-ம் வருஷத்து குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாவது தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக தனியாக அனுமதி வாங்க வேண்டும். பத்தாவது பாஸ் என்றால் அந்தத் தொல்லை இல்லை. துபாயில் மூட்டை தூக்கப் போகிறவனுக்கும் 'நோ ஸூனர்... தேன்' குறுக்கே நிற்கிறது, பாருங்கள்.

அப்படி ஒரு பையன் எங்களிடம் வந்தான். வயது 19. திண்டிவனம் கமிட்டியில் மூட்டை இறக்குகிற வேலை. மல்லாட்டை மூட்டை, நெல் மூட்டை எது வந்தாலும் தோளில் ஏற்றிவிடுவான். இங்கிலீஷ் மட்டும் ஏறவில்லை. மூன்று அட்டெம்ப்ட் முடிந்து நாலாவதுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். சித்தப்பா மகன் கத்தாரில் இருக்கிறானாம். "வந்துடுடா, வேலை இருக்கு"ன்னு போன் போட்டுக்கினே இருக்கானாம்.

"எதுல மார்க் போவுது தம்பி?"ன்னு கேட்டேன்.

"மாத்தி எழுதறதுல சார். ஃபார்முலா தெரியும். எழுதினா தப்புன்றாங்க."

ஃபார்முலா! அதுதான் வியாதியே. 'டூ... டு' வந்தால் அதை எடுத்துவிட்டு 'ஸோ... தட்... நாட்' போடு என்று மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். 'த டீ இஸ் டூ ஹாட் டு ட்ரிங்க்' என்று கொடுத்தேன். டீ ஆறவில்லை, குடிக்க முடியாத சூடு. ஃபார்முலாவைப் போட்டு கடகடவென்று எழுதினான்: 'த டீ இஸ் ஸோ ஹாட் தட் இட் கேனாட் ட்ரிங்க்.'

"படிச்சுப் பாருப்பா. யாரு குடிக்கலை?"

பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தான். "டீ குடிக்கலை சார்!"

டீ எதைக் குடிக்கும்? பாலையா? 'ஐ கேனாட் ட்ரிங்க் இட்' என்று வர வேண்டும். குடிக்கிற ஆள் ஒருவன் வாக்கியத்துக்குள் வந்தாக வேண்டும். ஃபார்முலாவில் ஆள் கிடையாது. அர்த்தத்தில்தான் ஆள் இருக்கிறான்.

* * *

ஒரு சந்தேகம் வந்து அவனுடைய தமிழ் நோட்டை எடுத்துவரச் சொன்னேன். எனக்கு ஆச்சரியம். 'செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுக.' சரியாக எழுதியிருக்கிறான். 'நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுக.' சரி. 'கலவை வாக்கியமாக மாற்றுக.' அதுவும் சரி! தமிழில் டிக் மேல் டிக் வாங்குகிறவன், அதே வேலையை இங்கிலீஷில் கேட்டால் பேய் அறைந்த மாதிரி நிற்கிறான்.

"டேய், செய்வினைன்னா ஆக்டிவ் வாய்ஸ். செயப்பாட்டு வினைன்னா பேஸிவ் வாய்ஸ். தெரியுமா?"

"அய்ய... ரெண்டும் ஒண்ணா சார்?"

பக்கத்திலிருந்த இன்னொருத்தன், "செய்வினைன்னா பில்லி சூனியம் இல்லையா சார்?" என்றான். அவன் எங்கள் வகுப்பின் நகைச்சுவைத் துணுக்கு. விட்டுவிடுங்கள்.

ஒரே பள்ளிக்கூடம். ஒரே ஸ்டாஃப் ரூம். தமிழய்யாவும் இங்கிலீஷ் சாரும் ஒரே டீயை ஒன் பை டூ குடிக்கிறார்கள். காலையில் அவர் 'அயற்கூற்று' நடத்துகிறார். மத்தியானம் இவர் 'இன்டைரக்ட் ஸ்பீச்' நடத்துகிறார். இரண்டும் ஒன்று என்று பிள்ளைகளிடம் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. ஆசிரியர்களைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. சிலபஸ் முடிக்க வேண்டும், ஸ்லிப் டெஸ்ட் திருத்த வேண்டும், 'மெல்லக் கற்கும் மாணவர்'களுக்கு மாலை வகுப்பு எடுக்க வேண்டும், நடுவில் எலெக்‌ஷன் டியூட்டி வேறு. ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பீரியட் எடுத்தால் எத்தனை 33 மார்க், 35 ஆகும்!

நான் அதைத்தான் மாடியில் செய்து பார்த்தேன். முதலில் தமிழ், அதுவும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பேசுகிற தமிழ். பிறகுதான் இங்கிலீஷ்.

சாயங்காலம் 6 மணிக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். திருவண்ணாமலை பஸ் உள்ளே நுழைகிறது. பஸ் நின்னதும் நிக்காததுமா ஒருத்தன் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுகிறான். அந்த 'நின்னதும் நிக்காததுமா' இருக்கிறதே, அதுதான் சார் 'நோ ஸூனர்... தேன்'! 'நோ ஸூனர் டிட் த பஸ் ஸ்டாப் தேன் ஹி த்ரூ ஹிஸ் டவல்.' வெறுமனே 'பஸ் நின்ன உடனே' என்றால் அது 'ஆஸ் ஸூன் ஆஸ்'. தமிழில் இந்த இரண்டுக்கும் உள்ள நூலிழை வித்தியாசம் நம் பையனுக்குப் பால் குடிக்கும்போதே தெரியும். அது தனக்குத் தெரியும் என்பதுதான் தெரியாது.

"சரி சார், ஏன் 'தேன்' வருது? 'வென்' போட்டா என்னா?" என்று மூட்டைத் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. 'ஸூனர்' என்றால் சும்மா சீக்கிரம் இல்லை, 'அதைவிடச் சீக்கிரம்'. 'விட' வந்துவிட்டால் பின்னாடியே 'தேன்' வந்தே தீர வேண்டும். 'டாலர் தேன் மீ' என்கிறோமே, அதே 'தேன்'. "'டிட்' போட்ட பிறகு ஏன் 'ஸ்டாப்டு' இல்லை?" அடுத்த கேள்வி. இறந்த காலம் என்கிற மூட்டையை 'டிட்' தூக்கிவிட்டது. ஒரே மூட்டைக்கு ரெண்டு பேருக்குக் கூலி கொடுப்பாங்களா கமிட்டியில? "கொடுக்க மாட்டாங்கோ சார்!" அதற்கப்புறம் அந்த இடத்தில் அவன் தப்பு செய்யவில்லை.

'அன்லெஸ்' இதைவிடச் சுலபம். 'டிக்கெட் வாங்காவிட்டால் ஃபைன்.' இந்த 'வாங்காவிட்டால்' வயிற்றுக்குள்ளேயே ஒரு 'இல்லை' உட்கார்ந்திருக்கிறது. 'அன்லெஸ்' வயிற்றிலும் அப்படித்தான். வெளியே இன்னொரு 'நாட்' வைக்கக் கூடாது. பசங்கள் 'அன்லெஸ் யூ டோன்ட் பை எ டிக்கெட், யூ வில் பி ஃபைன்டு' என்று எழுதுகிறார்கள். அர்த்தம் என்ன தெரியுமா? டிக்கெட் வாங்கினவனுக்கு ஃபைன்! செக்கிங் இன்ஸ்பெக்டரே மயங்கி விழுந்துவிடுவார். 'ஆல்தோ' எழுதிவிட்டு நடுவில் 'பட்' போடுவதும் இதே கேஸ். ஒரு உறையில் இரண்டு கத்தி.

ஒப்பீடு விஷயத்திலும் ஒரு தமாஷ் உண்டு. 'சென்னை இஸ் பிக்கர் தேன் எனி அதர் ஸிட்டி இன் தமிழ்நாடு.' இந்த 'அதர்' என்ற ஒரு வார்த்தையை விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம். விட்டால் என்ன ஆகும்? சென்னையும் தமிழ்நாட்டில் உள்ள நகரம்தானே! சென்னை சென்னையைவிடப் பெரிசு என்று ஆகிவிடும். இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். பிறகு எங்கள் ஊர்ப் பெருமையை எடுத்து விடுவேன். மார்ச், ஏப்ரலில் திண்டிவனம் ரோட்டோரம் மலை மலையாகத் தர்பூசணி குவிந்திருக்கும். பரீட்சை நேரமும் அதேதான். "திண்டிவனம் தர்பூசணி மாதிரி இனிப்பு வேற எந்த ஊர்லயும் இல்லை. மூணு விதமா எழுதுங்கடா!" 'நோ அதர்' முதலில் வரும், 'ஸ்வீட்டர் தேன்' அடுத்து, 'ஸ்வீட்டஸ்ட்' கடைசியில். பண்ருட்டிக்காரப் பையன் ஒருவன் மட்டும் பலாப்பழத்துக்காகச் சண்டை போட்டான். மார்க் கொடுத்துவிட்டேன்.

* * *

எனக்கு மிகவும் பிடித்தது இன்டைரக்ட் ஸ்பீச். நாம் பேசும்போது, 'நாளைக்கு வரேன்னு சொன்னான்' என்கிறோம். அவன் வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்து, 'னு' என்று ஒரு கொக்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. வசதியான ஏற்பாடு. ஆனால் வெள்ளிக்கிழமை சொன்னதைத் திங்கட்கிழமை எடுத்துச் சொன்னால், எந்த நாளைக்கு? அங்கேதான் இடிக்கிறது.

மளிகைக் கடையில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று போர்டு தொங்குகிறது அல்லவா? கடைக்காரர் ஏன் நிம்மதியாகத் தூங்குகிறார்? அந்த போர்டு நேர்க்கூற்று. என்றைக்குப் போனாலும் 'நாளை' நாளைக்குத்தான். அதையே அயற்கூற்றாக மாற்றிப் பாருங்கள்: 'கடைக்காரர் மறுநாள் கடன் தருவதாகக் கூறினார்.' தீர்ந்தது! தேதி உறுதியாகிவிட்டது. மனிதர் மாட்டிக்கொண்டார். 'டுமாரோ' ஏன் 'த நெக்ஸ்ட் டே' ஆகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 'நான்' என்பது 'தான்' ஆகிற மாதிரி அங்கே 'ஐ' போய் 'ஹி' வருகிறது. 'இன்று' என்பது 'அன்று' ஆகிற மாதிரி 'டுடே' போய் 'தட் டே' வருகிறது. தமிழ் நோட்டில் போட்ட அதே கணக்கு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் தமிழ் கை கொடுக்காது. 'வில்' என்பது 'வுட்' ஆக மாறுகிறதே, அந்தக் காலம் பின்னால் போகிற வித்தை நம்மிடம் இல்லை. 'வருவதாக' என்பது சொன்னது நேற்றானாலும் 'வருவதாக'த்தான். 'எ', 'த' இரண்டும் நம் ஊரில் பிறக்காத பிள்ளைகள். இங்கெல்லாம் பயிற்சிதான் வழி. பத்து வாக்கியம், இருபது வாக்கியம் என்று கை வலிக்க எழுத வேண்டும். ஆனால் எல்லாமே புதுசு என்று பயப்படுகிறவனுக்கும், இந்த ரெண்டு மூணு மட்டும்தான் புதுசு என்று தெரிந்தவனுக்கும் பரீட்சை ஹாலில் வித்தியாசம் உண்டு.

பேஸிவ் வாய்ஸ் பற்றி ஆபீஸ் ஆசாமிகளான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. நம் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. வீட்டில் யாராவது 'சோறு என்னால் சாப்பிடப்பட்டது' என்பார்களா? மனைவி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். ஆனால் ஆபீஸ் வாசலைத் தாண்டியதும் 'தங்கள் மனு பெறப்பட்டது', 'பரிசீலிக்கப்படுகிறது', 'நிராகரிக்கப்பட்டது'! யார் பெற்றார்? யார் பரிசீலித்தார்? யார் நிராகரித்தார்? ஒருவரும் இல்லை. காற்று நிராகரித்தது! செய்தவன் பெயரைச் சொல்லாமல் காரியத்தைச் சொல்லக் கண்டுபிடிக்கப்பட்ட... பார்த்தீர்களா, எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பசங்களுக்கு இதில் ஒரு சிக்கல். எல்லா வாக்கியத்தையும் தலைகீழாகப் புரட்டப் பார்ப்பார்கள். 'ஐ ஸ்லெப்ட்' என்று கொடுத்தால் 'ஸ்லீப் வாஸ் ஸ்லெப்ட் பை மீ'. அதற்கும் தமிழய்யா வைத்தியம் வைத்திருக்கிறார். வினையைப் பார்த்து 'எதை? யாரை?' என்று கேள். பதில் கிடைத்தால் புரட்டு. 'தூங்கினேன்'... எதைத் தூங்கினாய்? பதில் இல்லை. விட்டுவிடு, அவன் தூங்கட்டும்.

இந்தப் பயிற்சிகளை அத்தியாயம் அத்தியாயமாக அடுக்கி இந்தியா முழுக்கப் பரப்பிய புத்தகம் 'ரென் அண்ட் மார்ட்டின்'. 1930-களில் வந்தது. பெர்சிவல் கிறிஸ்டோபர் ரென் என்கிற அந்த ஆங்கிலேயர் பம்பாய் மாகாணத்தில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். இதே மனிதர்தான் 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதினார் என்றால் நம்புவீர்களா? பிரெஞ்சு அந்நியப் படை, பாலைவனக் கோட்டை, துப்பாக்கிச் சண்டை என்று பக்கத்துக்குப் பக்கம் விறுவிறுப்பு. 1939-ல் கேரி கூப்பர் நடித்துப் படமாகவும் வந்தது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் அவர் கையிலிருந்து இலக்கணம்தான் கிடைத்தது. யோகம்!

முன்பெல்லாம் பத்தாவதில் இங்கிலீஷுக்கு இரண்டு தாள். முதல் தாளில் சறுக்கினால் இரண்டாம் தாளில் ரோடு மேப் வரைந்து கரையேறிவிடலாம். 2019-20 கல்வியாண்டிலிருந்து ஒரே தாள் என்று மாற்றிவிட்டார்கள். நடுவில் கொரோனா வந்து 2020, 2021 இரண்டு வருஷமும் பள்ளி மாணவர்களுக்குப் பரீட்சை இல்லாமலே பாஸ். 2022 மே மாதம்தான் பள்ளிப் பிள்ளைகள் அந்த ஒற்றைத் தாளை நிஜமாகச் சந்தித்தார்கள். இப்போது மாற்றி எழுதும் வாக்கியங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் மார்க்தான். ஆனால் 31-ல் நிற்பவனுக்குக் கொஞ்சம் என்பது கொஞ்சமா? 1993 செப்டம்பரில் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்ததிலிருந்து எங்கள் மாவட்டம் பத்தாவது ரிசல்ட்டில் பல வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதிகமுள்ள ஊர்கள் இவை. அந்த வீடுகளில் இங்கிலீஷ் என்பது மருந்துச் சீட்டிலும் கரண்ட் பில்லிலும் மட்டும் வருகிற விருந்தாளி.

மூட்டைத் தம்பி நாலு மாதம் வந்தான். கமிட்டியில் லோடு வந்த நாட்களில் தோளில் வைக்கோல் தூசியோடு வந்து கடைசியில் உட்காருவான். நோட்டில் இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலீஷ். அவனாகவே வாக்கியம் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தான். "சார், 'மழை வந்ததும் வராததுமா மூட்டையை மூடினோம்', இது சரியா?" "சார், 'மேஸ்திரி கூலி மறுநாள் தருவதாகச் சொன்னார்'... ஆனா தரல சார், அதையும் சேத்து எழுதணுமா?"

துணைத் தேர்வு ரிசல்ட் வந்த அன்று நான் ஆபீசில் ஃபைலுக்கு நடுவே இருந்தேன். போன்.

"சார், நாப்பத்தி மூணு."

"சபாஷ்! எந்தக் கேள்விப்பா வந்துச்சு?"

"பேஸிவ் வாய்ஸ் வந்துச்சு சார். 'எதை'ன்னு கேட்டேன், பதில் வந்துச்சு, பொரட்டிட்டேன். டீக்கடை மேட்டர் மட்டும் வரல." கொஞ்சம் நிறுத்தினான். "சார், பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைன்ல போடணும்னு சொல்றாங்கோ. அந்த ஃபாரம் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குதாம். சனிக்கிழமை வரட்டுமா?"

"வா. மார்க் ஷீட் நாலு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு வா" என்றேன்.